இல்லாத பக்கத்தைக் காட்டும் இணைப்பு

நம் வீடுகளில் தகரப் பெட்டி ஒன்று இருப்பது வழக்கம். நிலப் பத்திரம், ஞானஸ்நானச் சான்று, பள்ளிச் சான்றிதழ், காப்பீட்டுத் தாள், மருத்துவர் எழுதிய சீட்டு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். அதன் ஒழுங்கு வீட்டுத் தலைவி ஒருவருக்கே தெரியும். அவர் ஊருக்குச் சென்றிருக்கும் நாளில் ஒரு தாள் தேவைப்பட்டுவிட்டால் வீடு இரண்டுபடும். இவ்விடரைத் தவிர்க்கும் பொருட்டு இன்று பல குடும்பங்கள் தம் குறிப்புகளைக் கணிப்பொறியில் எழுதி வைக்கின்றன. பிள்ளைகள் தம் படிப்புக்காகப் பழகிய குறிப்பேட்டு மென்பொருள், பெற்றோரின் மருந்துக் கணக்குக்கும் வீட்டு வரிக் கணக்குக்கும் பயன்படுகிறது. இது வரவேற்கத்தக்க மாற்றமே.

ஆயினும் இத்தகைய ஏடுகளில் ஓர் இடர் அடிக்கடி நேர்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குச் செல்வதற்கென அமைத்த இணைப்பைத் தொட்டவுடன், எதிர்பார்த்த பக்கத்துக்குப் பதிலாக வெற்றுப் பக்கம் ஒன்று திறக்கிறது. எழுதியவை அனைத்தும் அழிந்துவிட்டனவோ என்று நெஞ்சம் பதறுகிறது. பெரும்பாலும் எதுவும் அழிந்திருப்பதில்லை. வழி மட்டுமே தவறியிருக்கிறது. அந்த வழியை மீண்டும் செப்பனிடுவது எவ்வாறு என்பதையே இத்திங்கள் இப்பகுதியில் ஆராய்வோம்.

இது சிறு பொருள்தானே என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். தாய்க்குப் பென்சிலின் ஒவ்வாது. அச்செய்தியை மகன் ‘அம்மா மருத்துவம்’ என்னும் பக்கத்தில் எழுதி, குடும்பத்தின் முதற்பக்கத்திலிருந்து அதற்கு இணைப்பும் கொடுத்திருக்கிறான். சில திங்களுக்குப் பின் மகள் அப்பக்கத்தின் பெயரை ‘அம்மா உடல்நலம்’ என்று மாற்றுகிறாள். ஓர் இரவு தாய்க்குக் காய்ச்சல் கடுமையாகிறது. தந்தை முதற்பக்கத்தின் இணைப்பைத் தொடுகிறார். வெற்றுப் பக்கம் திறக்கிறது. ஒவ்வாமை பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை போலும் என்று அவர் முடிவு செய்தால் என்ன ஆகும்? அல்லது அந்த வெற்றுப் பக்கத்திலேயே புதிய மருந்துப் பட்டியலை எழுதத் தொடங்கினால் என்ன ஆகும்? அன்று முதல் அவ்வீட்டில் ஒரு தாய்க்கு இரண்டு மருத்துவக் குறிப்புகள் இருக்கும். ஒன்றில் ஒவ்வாமை இருக்கும், மற்றொன்றில் இராது. அறுந்த இணைப்பினால் விளையும் உண்மையான தீங்கு இதுவே.

இணைப்பு என்பது யாது?

ஓர் எழுத்திலிருந்து மற்றோர் எழுத்துக்குத் தாவிச் செல்லும் எண்ணம் கணிப்பொறிக்கு முன்பே அரும்பியது. 1945ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க அறிவியலாளர் வானவர் புஷ் ‘அட்லான்டிக்’ திங்களிதழில் எழுதிய கட்டுரையில், மெமெக்ஸ் என்னும் கற்பனைப் பொறியை விவரித்தார். மனிதன் தான் படித்தவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைத்து, வேண்டும்போது அந்தத் தடத்தின் வழியே திரும்பிச் செல்லலாம் என்பது அவர் கருத்து. 1960களில் டெட் நெல்சன் என்பவர் ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்னும் சொல்லை உருவாக்கினார். 1995இல் வார்ட் கன்னிங்காம் முதல் விக்கித் தளத்தை அமைத்தார். 2001இல் தோன்றிய விக்கிப்பீடியாவின் வழியாக, ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டு இணைப்பாக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. இன்று நம் வீட்டுக் கணிப்பொறியில் [[அம்மா மருத்துவம்]] என்று எழுதுவது அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே.

இணைப்பு ஏன் அறுகிறது என்பதை விளங்கிக்கொள்ள நம் கைகளில் உள்ள விவிலியமே நல்ல உவமையாகும். ஒரு வசனத்தைச் சுட்டும்போது நாம் பக்க எண்ணைச் சொல்வதில்லை. அதிகாரத்தையும் வசன எண்ணையும் சொல்கிறோம். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், அதிகாரம் மாறாது என்பதே காரணம். ஆயினும் திருப்பாடல்களில் ஒரு சிக்கல் உண்டு. எபிரேய மூலத்தில் 9, 10 என இரண்டாக உள்ள பாடல்களைக் கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகள் ஒன்றாகச் சேர்த்து எண்ணின. எனவே ஆயனைப் பற்றிய புகழ்பெற்ற பாடல், இலத்தீன் எண்முறையைத் தழுவிய பழைய நூல்களில் 22ஆகவும், எபிரேய எண்முறையைத் தழுவும் நூல்களில் 23ஆகவும் விளங்குகிறது. பழைய செபப் புத்தகத்தில் கண்ட எண்ணைக் கொண்டு புதிய நூலைத் திறப்பவர் வேறொரு பாடலைக் காண்பார். பாடல் தொலைந்துவிடவில்லை, அதன் முகவரி மட்டுமே மாறியிருக்கிறது. கணிப்பொறி ஏட்டில் நேர்வதும் இதுவே.

பெயரைப் பின்பற்றும் ஏடு

குறிப்பேட்டு மென்பொருள்கள் பல உள. அவற்றுள் இன்று பலரும் கையாளும் அப்சிடியன் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2020இல் வெளிவந்த இதனைத் தனிமனிதர் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு குறிப்பும் நம் கணிப்பொறியில் தனித்தனி எழுத்துக் கோப்பாக இருக்கும். அக்கோப்புகளை அடக்கிய ஃபோல்டருக்கு வால்ட், அதாவது பெட்டகம் என்று பெயர். இதில் இணைப்பு என்பது கோப்பின் பெயரே. [[அம்மா மருத்துவம்]] என்று எழுதினால், அப்பெயருடைய கோப்பைப் பெட்டகத்தில் தேடித் திறக்கும். அப்பெயரில் கோப்பு இல்லையேல் இணைப்பின் நிறம் மங்கித் தோன்றும். அந்த மங்கிய இணைப்பைத் தொட்டால், அப்பெயரில் புதிய வெற்றுக் குறிப்பு ஒன்றை மென்பொருளே உண்டாக்கிவிடும். வெற்றுப் பக்கம் தோன்றுவதன் மருமம் இதுதான். ஆகவே வாசகர்கள் முதலில் பழக வேண்டியது நிறத்தை நோக்குதல்: தெளிந்த நிறமாயின் வழி உண்டு, மங்கிய நிறமாயின் வழி இல்லை.

வழி தவறுவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்காரணம் பெயர் மாற்றம். அப்சிடியனுக்கு உள்ளேயே குறிப்பின் பெயரை மாற்றினால், அதைச் சுட்டும் இணைப்புகளையும் மாற்றட்டுமா என்று அது கேட்கும். வேண்டாம் என்று அவசரத்தில் விடையளித்துவிட்டால் இணைப்புகள் அறுந்துபோகும். செட்டிங்ஸ் பகுதியில் ‘ஃபைல்ஸ் அண்ட் லிங்க்ஸ்’ என்னும் தலைப்பின் கீழ் ‘ஆட்டோமேட்டிக்கலி அப்டேட் இன்டர்னல் லிங்க்ஸ்’ என்றொரு விசை உண்டு. அதை இயக்கி வைத்தால், கேளாமலே இணைப்புகள் திருத்தப்படும். ஆனால் மென்பொருளுக்கு வெளியே, விண்டோஸின் கோப்புச் சாளரத்தில் பெயரை மாற்றினால் இவ்வுதவி கிட்டாது. வீட்டில் ஒருவர் உள்ளேயும் மற்றொருவர் வெளியேயும் பெயர் மாற்றும் பழக்கம் இருந்தால் குழப்பம் உறுதி.

இரண்டாம் காரணம் ஒரே பெயருடைய இரு குறிப்புகள். மகனுக்கு ஒரு ஃபோல்டர், மகளுக்கு ஒரு ஃபோல்டர் அமைத்து, இரண்டிலும் ‘தடுப்பூசி’ என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தால், வெறுமனே [[தடுப்பூசி]] என்று எழுதிய இணைப்பு இரண்டுள் ஒன்றையே திறக்கும். இணைப்பு தெளிந்த நிறத்தில் இருப்பதால் ஐயம் எழாது. ஆனால் மகளின் கணக்கைத் தேடியவர் மகனின் கணக்கைப் படித்துக்கொண்டிருப்பார். இது வெற்றுப் பக்கத்தினும் கொடியது. [[மகள்/தடுப்பூசி]] என்று ஃபோல்டரின் பெயரையும் சேர்த்து எழுதுவது ஒரு வழி. ‘மகள் தடுப்பூசி’, ‘மகன் தடுப்பூசி’ எனப் பெயரையே வேறுபடுத்துவது அதனினும் சிறந்த வழி.

மூன்றாம் காரணம் தலைப்பு மாற்றம். ஒரு நீண்ட குறிப்பின் உள்ளே உள்ள தலைப்புக்கும் இணைப்புக் கொடுக்கலாம். [[அம்மா மருத்துவம்#ஒவ்வாமை]] என்றால் அக்குறிப்பில் ‘ஒவ்வாமை’ என்னும் தலைப்பிடம் திறக்கும். அத்தலைப்பைப் பின்னர் ‘ஒவ்வாத மருந்துகள்’ என்று கையால் திருத்தினால், இணைப்பு குறிப்பின் தொடக்கத்தைத் திறந்துவிட்டு நின்றுவிடும். தலைப்பின்மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி ‘ரீநேம் திஸ் ஹெட்டிங்’ என்பதைத் தேர்ந்து மாற்றினால் இணைப்புகளும் உடன் மாறும். பத்தி ஒன்றைச் சுட்டுவதற்கு ^ என்னும் குறியோடு ஓர் அடையாளச் சொல்லைச் சேர்க்கும் முறையும் உண்டு. அந்த அடையாளச் சொல்லில் இலத்தீன் எழுத்து, எண், சிறு கோடு ஆகியவையே ஏற்கப்படும். தமிழில் எழுதினால் பயனில்லை.

நான்காம் காரணம் விலக்கப்பட்ட குறிகள். #, ^, |, [, ] ஆகியவை இணைப்பின் இலக்கணத்தில் பொருளுடைய குறிகளாதலால் அவை குறிப்பின் பெயரில் இடம்பெறலாகாது. ‘வீட்டு எண் #12 வரி’ என்ற பெயருள்ள கோப்பை வெளியிலிருந்து கொண்டுவந்து இணைத்தால், ‘வீட்டு எண்’ என்னும் குறிப்பில் ‘12 வரி’ என்னும் தலைப்பை மென்பொருள் தேடும். கிடைக்குமா? ‘வீட்டு எண் 12 வரி’ என்று மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. இரட்டை அடைப்புக்குப் பதிலாக மார்க்டவுன் முறையில் இணைப்பு எழுதுவோர், கோப்பின் பெயரில் வெற்றிடம் வரும் இடந்தோறும் %20 என்று இட வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

ஐந்தாம் காரணம் பெட்டகத்தைத் தவறான படியில் திறத்தல். ‘குடும்பம்’ என்னும் ஃபோல்டர் முழுவதும் பெட்டகமாயிருக்க, மற்றொரு கணிப்பொறியில் அதனுள் இருக்கும் ‘மருத்துவம்’ என்னும் உள்ஃபோல்டரை மட்டும் பெட்டகமாகத் திறந்தால், அதற்கு வெளியே உள்ள குறிப்புகள் ஒன்றும் மென்பொருளின் கண்ணுக்குத் தெரியா. இணைப்புகள் கூட்டமாக மங்கித் தோன்றினால் முதலில் இதனையே ஐயுற வேண்டும்.

ஆறாம் காரணம் கோப்பு வந்து சேராமை. ஒன்டிரைவ், ஐகிளவுட் போன்ற இணையச் சேமிப்பில் பெட்டகத்தை வைத்திருந்தால், இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகச் சில கோப்புகள் இணையத்தில் மட்டுமே தங்கியிருக்கக்கூடும். விண்டோஸில் அத்தகைய கோப்பின் அருகே சிறு மேகக் குறி தோன்றும். ஃபோல்டரின்மேல் வலப்பொத்தானை அழுத்தி ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தால் எல்லாம் நம் கணிப்பொறிக்கே வந்து சேரும்.

தமிழ் எழுதுவோர்க்கு உரிய இடர்கள்

மேற்சொன்னவை எம்மொழிக்கும் பொது. தமிழில் எழுதுவோர்க்கென்றே சில இடர்கள் உள.

நம் மொழியில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபை ஏற்று வடிவம் மாறும். ‘மருந்துப் பட்டியல்’ என்பது குறிப்பின் பெயர். வாக்கியத்தின் ஓட்டத்தில் “[[மருந்துப் பட்டியலில்]] காண்க” என்று எழுதிவிடுகிறோம். படிப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு அவை இரு வேறு பெயர்கள். இதற்கு நேரிய தீர்வு உண்டு. [[மருந்துப் பட்டியல்|மருந்துப் பட்டியலில்]] என நடுவே ஒரு நிலைக்கோடு இட்டு எழுதினால், கோட்டுக்கு முன்னுள்ளது முகவரியாகவும், பின்னுள்ளது கண்ணுக்குத் தெரியும் சொல்லாகவும் அமையும்.

ஒற்று மிகுதலும் இவ்வாறே. ‘மருந்துப் பட்டியல்’ என்று ஒருவரும் ‘மருந்து பட்டியல்’ என்று மற்றொருவரும் எழுதினால் இரண்டு பக்கங்கள் உண்டாகும். ‘தடுப்பூசி’, ‘தடுப்பு ஊசி’ என்பவையும் அத்தகையவை. வல்லினம் மிகுமா மிகாதா என்னும் வினா பள்ளித் தேர்வோடு முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தோர்க்கு அது வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது! இணைப்பு எழுதும்போது பெயர் முழுவதையும் தட்டச்சு செய்யாமல், இரட்டை அடைப்பைத் திறந்து இரண்டோர் எழுத்து இட்டவுடன் தோன்றும் பட்டியலிலிருந்து தேர்வதே பிழையைத் தவிர்க்கும் எளிய வழி. ஒரே குறிப்புக்கு இரண்டு பெயர் வழங்கினால், மாற்றுப் பெயரை அக்குறிப்பின் ‘ஏலியாசஸ்’ என்னும் இடத்தில் பதிந்து வைக்கலாம். அப்போது மாற்றுப் பெயரும் அந்தப் பட்டியலில் தோன்றும். அதைத் தேர்ந்தால் உண்மைப் பெயரோடு கூடிய இணைப்பு தானே அமையும்.

இன்னும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றி, கணிப்பொறிக்கு இரண்டாக விளங்கும் எழுத்துகள் அவை. ‘ஔ’ என்பது யூனிகோடில் ஓர் எழுத்து. அதை அறியாதார் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒள’ என்று எழுதிவிடுகின்றனர். பழைய எழுத்துரு முறைகளிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளிலும் இக்கலப்பு காணப்படும். ‘சௌந்தரம்’ என்பதும் ‘செளந்தரம்’ என்பதும் அத்தகையவையே. பல எழுத்துருக்களில் இவற்றிடையே வேறுபாடு காண்பது அரிது. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தையும் இரு வகையாகப் பதிய இயலும். இதனைச் சோதிக்க எளிய வழி பின்வருமாறு. ஐயத்துக்குரிய எழுத்தின் பின்னே கர்சரை நிறுத்தி, பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்துக. ‘சௌ’ சரியாக எழுதப்பட்டிருந்தால் ‘ச’ எஞ்சும். பிழையாக எழுதப்பட்டிருந்தால் ‘செ’ எஞ்சும். சோதித்தபின், அழித்ததை மீட்கக் கண்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்த மறவாதீர்.

செப்பனிடும் முறை

இனி, வெற்றுப் பக்கம் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்வோம்.

முதலாவது, அந்த வெற்றுப் பக்கத்தில் ஓர் எழுத்தும் எழுதற்க. இரண்டாவது, பெட்டகத்தின் ஃபோல்டர் முழுவதையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க. செப்பனிடும் பணியில் கை தவறினாலும் அந்நகல் நம்மைக் காக்கும். மூன்றாவது, பெயரால் தேடாமல் பொருளால் தேடுக. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பெட்டகம் முழுவதிலும் தேடும் வசதி தோன்றும். அதில் ‘பென்சிலின்’ போன்று அக்குறிப்பின் உள்ளே இருந்தே தீர வேண்டிய சொல்லை இடுக. பெயர் மாறியிருந்தாலும் உள்ளடக்கம் மாறியிராதாகையால் குறிப்பு அகப்பட்டுவிடும்.

அகப்பட்ட பின், இணைப்பில் உள்ள பெயரையும் குறிப்பின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுக. எங்கே வேறுபாடு என்பது தெரிந்துவிட்டால் காரணமும் தெரிந்துவிடும். அறுந்தது ஓரிரு இணைப்பாயின் கையால் திருத்தலாம். பத்து இருபது இடங்களில் பழைய பெயரே கிடந்தால் வேறொரு வழி உண்டு. தவறி உண்டான வெற்றுப் பக்கத்தில் முன்பே எவரேனும் எதையேனும் எழுதியிருக்கின்றனரா என்று பார்த்து, இருப்பின் அதனை உண்மைக் குறிப்புக்குக் கொண்டு சேர்த்து, பின்னர் அவ்வெற்றுப் பக்கத்தை நீக்குக. அடுத்து, இணைப்புகள் தாமே மாறும் விசையை இயக்கி வைத்து, உண்மைக் குறிப்பின் பெயரைப் பழைய பெயருக்கே மாற்றுக. மங்கியிருந்த இணைப்புகள் அனைத்தும் உயிர்பெறும். அதன்பின் அப்சிடியனுக்கு உள்ளிருந்தே மீண்டும் புதிய பெயரை இடுக. இம்முறை எல்லா இணைப்புகளும் புதிய பெயரைத் தொடர்ந்து செல்லும்.

பெயர்கள் முற்றும் பொருந்தியிருந்தும் இணைப்பு மங்கியே இருக்குமாயின், ‘ஃபைல்ஸ் அண்ட் லிங்க்ஸ்’ பகுதியின் அடியில் ‘ரீபில்ட் வால்ட் கேஷ்’ என்பதை அழுத்துக. மென்பொருள் தன் அட்டவணையைப் புதிதாக எழுதிக்கொள்ளும். குறிப்புகளுக்கு ஊறு நேராது. குறிப்பின் உள்ளடக்கமே காணாமற் போயிருந்தால், முதலில் கணிப்பொறியின் குப்பைத் தொட்டியைப் பார்க்க. ‘ஃபைல் ரெக்கவரி’ என்னும் உட்கருவியும் கைகொடுக்கும். அது வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மாறிய குறிப்பின் படியைச் சேமித்து 7 நாள் வரை வைத்திருக்கும். அந்தந்தக் கணிப்பொறியில் செய்த மாற்றங்களே அதில் கிடைக்கும்; எனவே குறிப்பு எழுதப்பட்ட கணிப்பொறியிலேயே தேட வேண்டும்.

அடையாளத்தைப் பின்பற்றும் ஏடு

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஒன்நோட் இதற்கு மாறான முறையில் இயங்குவது. அதன் இணைப்பு பக்கத்தின் பெயரை நம்பியிராமல், ஒவ்வொரு பக்கத்துக்கும் பகுதிக்கும் மென்பொருளே வழங்கிய நீண்ட அடையாள எண்ணைக் கொண்டிருக்கும். ஆகவே பக்கத்தின் பெயரை மாற்றினாலும் இணைப்பு அறுவதில்லை. ஆனால் இணைப்பில் தெரியும் சொற்கள் பழைய பெயரிலேயே நின்றுவிடும்; அவற்றை நாமே திருத்த வேண்டும்.

இதிலும் இரண்டு இடர்கள் உண்டு. ஒரு பக்கத்தை நகலெடுத்தால் நகலுக்குப் புதிய அடையாள எண் கிட்டும். பழைய இணைப்புகள் மூலப் பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். நகலில் புதிய செய்திகளை எழுதிவிட்டு, இணைப்பின் வழியே சென்று பழைய செய்திகளைப் படிப்போர் இவ்வாறே ஏமாறுகின்றனர். மற்றொன்று, இணைப்பினுள் அடையாள எண்ணோடு ஏட்டின் இருப்பிடமும் எழுதப்பட்டிருக்கும். கணிப்பொறியில் இருந்த ஏட்டை ஒன்டிரைவுக்கு மாற்றினால், பழைய இருப்பிடத்தைச் சுட்டும் இணைப்புகள் வழி தவறக்கூடும். தீர்வு எளிது: சரியான பக்கத்தின் பெயர்மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘காப்பி லிங்க் டு பேஜ்’ என்பதைத் தேர்ந்து, பழைய இணைப்பு இருந்த இடத்தில் புதியதை ஒட்டுக. மேலும், ‘ஒன்நோட் ஃபார் விண்டோஸ் 10’ என்னும் தனிப் பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. இன்னும் அதனையே வைத்திருப்போர், குறிப்புகள் யாவும் இணையத்தில் சேர்ந்துவிட்டனவா என்று உறுதி செய்துகொண்டு, விண்டோஸுக்கான பொது ஒன்நோட்டுக்கு மாறிவிடுதல் நலம்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

மருத்துவத்தைப் போன்றே இதிலும் வருமுன் காத்தலே நன்று. குடும்பத்தார் ஒருநாள் மாலை ஒன்றாக அமர்ந்து சில விதிகளை வகுத்துக்கொள்ளலாம். பக்கங்களுக்குப் பெயரிடும் முறை ஒன்றாக இருக்கட்டும். யாருடையது, எதைப் பற்றியது என்னும் இரண்டும் பெயரிலேயே விளங்கட்டும். பெயரை மாற்ற வேண்டுமாயின் மென்பொருளுக்கு உள்ளிருந்தே மாற்றுவோம் என்று எல்லாரும் இசையட்டும். மாற்றியவர் மற்றவர்க்குச் சொல்லட்டும். மேலே நாம் கண்ட குடும்பத்தில் மகள் செய்த மாற்றத்தில் தவறில்லை. அதைப் பிறர் அறியாதிருந்ததே தவறாயிற்று.

திங்களுக்கு ஒருமுறை இணைப்புகளைச் சோதிப்பதும் நல்ல பழக்கமாகும். அப்சிடியனின் ‘கிராஃப் வியூ’ என்னும் வரைபடத்தில், ‘எக்சிஸ்டிங் ஃபைல்ஸ் ஒன்லி’ என்னும் விசையை அணைத்து வைத்தால், இல்லாத பக்கங்களைச் சுட்டும் இணைப்புகள் மங்கிய புள்ளிகளாகத் தோன்றும். ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம். பள்ளியில் பயிலும் பிள்ளையிடம் இப்பணியை ஒப்படைத்தால் அது விருப்போடு செய்யும். தாத்தாவின் மருந்துப் பட்டியலும் வீட்டுப் பத்திரத்தின் எண்ணும் எங்கே உள்ளன என்பதையும் அப்பிள்ளை அறிந்துகொள்ளும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். உயிரோடு தொடர்புடைய செய்தியைக் கணிப்பொறி ஒன்றையே நம்பி வைத்தலாகாது. ஒவ்வாத மருந்தின் பெயர், இரத்த வகை, நாள்தோறும் உண்ணும் மாத்திரைகள், அவசரத்தில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சிறு தாளில் தெளிவாக எழுதி, முதியவர்களின் பணப்பையில் ஒன்றும் சமையலறைச் சுவரில் ஒன்றும் வையுங்கள். மின்சாரம் நின்ற இரவில் அத்தாளே பேசும். தாளில் எழுதிய நாளைக் குறித்து, மருந்து மாறும்போதெல்லாம் தாளையும் கணிப்பொறியையும் ஒருசேரத் திருத்துங்கள்.

இவ்வாரத்திலேயே வீட்டில் அரைமணி நேரம் ஒதுக்கி, உங்கள் ஏட்டின் முதற்பக்கத்தில் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மங்கியவற்றைக் குறித்துக்கொண்டு, மேலே சொன்ன வரிசைப்படி செப்பனிடுங்கள். அடுத்த திங்கள், பெட்டகத்தின் நகலை எங்கே, எத்தனை, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை எடுத்து வைப்பது என்பதைப் பற்றிப் பேசுவோம்.